தூக்குப்போசியில் போன ரீல்

கல்யாணப் பெண்ணை அழைத்துப்போகிற பதனத்தோடு தூண்டிலை அழைத்துப்போனவர் உலகத்திலேயே பைப்பண்ணன் ஒருவர்தான். உலகம் என்று நான் சொல்வது கோவை கணபதியிலிருந்து வால்பாறை வரைக்கும். அதற்கு மேல் அவரும் போனதில்லை, நானும் போனதில்லை.

கணபதியில் எங்கள் வீதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஆளுயர பிவிசி பைப் ஒன்றோடு பஸ் ஏறியதால் வீதியே பைப்பண்ணன் என்றது. அந்தப் பைப்புக்குள் அவருடைய இரண்டு தூண்டில் கம்புகளும் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, துண்டுக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டி, இரண்டு பக்கமும் ஸ்பான்ஜ் வைத்து, மூடி போட்டுப் படுத்திருக்கும். ஒருமுறை பஸ் கதவில் மாட்டி ஒரு கம்பின் நுனி ஒடிந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. டிரைவர் பிரேக் போட்டால் இவர் முதலில் பைப்பைப் பிடிப்பார். அவகாசம் இருந்தால் பிறகு தன்னை.

"ஏனுங்க, பஸ்ஸுக்குள்ள போர் போடப் போறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"இல்லீங்க, பஸ்ஸை நிறுத்தினா ஆத்துல போட்டுக்கறனுங்க" என்பார் இவர், சிரிக்காமல்.

தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் விஷயம் இன்னும் பெரிது. உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் பாய் ஒருவரிடம், செத்துப்போன நிலையில் வாங்கியது. உள்ளே இருந்த பல்சக்கரங்களில் பாதியை லேத்தில் தானே கடைந்து போட்டு உயிர் கொடுத்தார். ஏழு மாத வேலை. தொலைந்தால் அப்படி இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. பயணம் என்றால் அதன் கைப்பிடியை மடக்கி, நரம்பைத் தளர்த்தி, பழைய பனியனில் சுற்றி, எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் வைத்து மூடிவிடுவார்.

"ரீலுன்னு தெரிஞ்சா எவனாச்சும் கண்ணு வெப்பானுங்க தம்பி. ரசத்தை எவன் எடுக்கப் போறான்?"

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குத் தோள்வலி. பைப்பைத் தான் வைத்துக்கொண்டு, போசியை முதல்முறையாக என்னிடம் கொடுத்தார். "யாரு கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க" என்றார். உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன் என்றேன். உயிர் போகவில்லை. அதனால் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். பொள்ளாச்சியில் மாறி, ஆனைமலை வழியாக வேட்டைக்காரன்புதூர் போகும் டவுன் பஸ் ஏறினோம். மாசாணியம்மன் கோயில் கூட்டம். அவர் பைப்போடு முன்பக்கம் மாட்டிக்கொண்டார். நான் பின்னால், ஒற்றைக்காலில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, எத்தன நேரம் தூக்கிட்டே நிப்பீங்க? குடுங்க, நான் வெச்சுக்கறேன்."

"பரவால்லீங்க."

"அட, குடுங்க கண்ணு."

கத்தியைக் காட்டிக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். அப்போதும் கொடுத்திருப்பேன். அதிலும் 'கண்ணு' என்று இரண்டு முறை சொன்ன பிறகு மறுக்கிற ஆள் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

ஆனைமலையில் நாங்கள் இறங்கியதும் அந்த அம்மா ஜன்னல் வழியாகப் போசியை நீட்டினார். வாங்கினேன். பஸ் போய்விட்டது.

ஆற்றோரத் தோப்பில் பைப்பண்ணன் சாக்ஸ்களைக் கழற்றி, கம்புகளைச் சேர்த்துவிட்டுக் கையை நீட்டினார். நான் மூடியைத் திறந்தேன். கோழிக்குழம்பு.

"அண்ணா, ரீலு கொழம்பாயிருச்சுங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். "வாசம் நல்லா இருக்குதுங்க தம்பி. ஆனா கம்புல மாட்ட முடியாது."

போலீசுக்குப் போகலாம் என்றேன். கூகுளில் தேடலாம் என்று போனை எடுத்தேன். எதைத் தேடுவதென்று தெரியாமல் மணியைப் பார்த்துவிட்டு வைத்தேன். கடைசியில், மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துவிடலாம் என்றேன். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே அரைப்பது வழக்கம். எடுத்தவனுக்கு எரியும் என்பது நம்பிக்கை.

"யாருக்கு எரியோணும்னு அரைப்பீங்க?" என்றார் அமைதியாக.

யோசித்தேன். அடுத்தவர் குழம்பு என் கையில்தான் இருந்தது.

அவர் போசியைத் திருப்பிப் பார்த்தார். அவருடையது போலவே எவர்சில்வர், ஆனால் கழுத்தோரம் பெயர் வெட்டியிருந்தது: 'சரசாத்தாள், வேட்டைக்காரன்புதூர்'. போகலாம் என்றார். நான் பறந்தேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் சாக்ஸ் மாட்டத் தொடங்கினார்.

"அண்ணா, நேரமாச்சுங்க."

"சாக்ஸ் போடாமக் கூட்டிட்டுப் போவாங்களா தம்பி?"

அடுத்த பஸ்ஸில் போய், நாலு பேரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். உள்ளே ஒரு பெரியவர் வட்டலில் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தார். இடது கையில் ரீல். அதன் கைப்பிடியைச் சுற்றுவதும், அது கிர்ரென்று பாடுவதைக் கேட்பதுமாக இருந்தார். பசி மறந்த முகம்.

"பொள்ளாச்சில மக ஆக்கிக் குடுத்த கொழம்புங்க. திறந்தா இது இருக்குது. இவரு அப்பப் புடிச்சு இதையே சுத்தீட்டு உக்காந்திருக்காரு" என்றார் சரசாத்தாள். பிறகு போசியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, ஒரு வாய்கூடச் சாப்புடலியா?" என்று கடிந்துகொண்டார். இரண்டு வட்டல் கூடுதலாக வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெரியவர் ரீலைக் கையிலிருந்து விட்டார். அதுவும் பைப்பண்ணன் உள்சக்கரங்களைப் பற்றி முழுக்க விளக்கிய பிறகு.

இனி என்னை நம்பி ஒரு தக்கைகூடக் கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் உக்கடத்தில் பஸ் ஏறும்போது பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போசியை என்னிடம் நீட்டினார். கழுத்தோரம் புதிதாகப் பெயர் வெட்டியிருந்தது. என் பெயரும், ஊர் கணபதி என்றும்.

"உங்க பேரத்தானுங்களே வெட்டியிருக்கோணும்?"

"தொலைஞ்சா என்னைய விடப் பதறிட்டுத் தேடறது நீங்கதானுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பைப்பை முதலில் ஏற்றிப் பின்னால் தான் ஏறினார்.

அன்று இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. இடம் கிடைத்ததும் போசியை மடியில் வைத்து, பெயர் இருந்த பக்கத்தை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பிக்கொண்டேன்.