கென்ட், டென்ட், அப்புறம்?

இந்த வருஷம் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று பெர்சி ஆக்ராய்ட் முடிவெடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும்தான் அது முடிவு. மனைவி மேபல் காதில் விழுந்துவிட்டால் அது வெறும் விண்ணப்பம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் இருக்கும் ஹாலிஃபாக்ஸில் கோடையில் ஒரு வாரம் கம்பளி மில்களை அடைப்பார்கள். ஊரே பெட்டி கட்டும். மற்றவர்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய், மூக்குச் சிவந்து, செருப்புக்குள் மணலோடு திரும்புவார்கள். பெர்சி மட்டும் மேபலோடு பார்ன்ஸ்லிக்குப் போவார். பார்ன்ஸ்லியில் கடல் கிடையாது. நிலக்கரிச் சுரங்கம் உண்டு. மாமியார் உண்டு. போய் இறங்கியதும் மாமியார் டாப்சன் அம்மாள் தேநீர் தருவார். கோப்பை காலியாவதற்குள் சுண்ணாம்பு வாளியையும் தருவார். கரிப்புகை படிந்த கொல்லைச் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பதுதான் மருமகனின் உல்லாசப் பயணம். ராத்திரி இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் அவர் படுக்க வேண்டும். சோபாவில் பிரின்ஸ் படுக்கும். பிரின்ஸ் என்பது நாய்.

"அவனுக்கு முதுகுவலி, பாவம்" என்பார் மாமியார்.

பெர்சியின் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இந்த நிலைமையில்தான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. பிராம்விக் டப்பா உணவுக் கம்பெனியின் பாட்டுப் போட்டி. நாலு வரி அவர்களே கொடுத்திருந்தார்கள்:

*கிழவர் ஒருவர், சொந்த ஊர் கென்ட்,*
*குன்று மேல் போட்டார் ஒரு டென்ட்;*
*கூரை பறந்தது காற்றில்,*
*குப்புற விழுந்தார் சேற்றில்,*

ஐந்தாவது வரியை நாம் எழுத வேண்டும். அது 'கென்ட்' மாதிரியே முடிய வேண்டும். எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஒவ்வொரு வரியோடும் பிராம்விக் டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதம் ஒன்றை இணைக்க வேண்டும். பரிசு, ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்த ஹோட்டலில் ஒரு வாரம். சாப்பாடு உட்பட. இரண்டு பேருக்கு.

பெர்சி அந்தக் கடைசி வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். இரண்டு பேர். மூன்று பேர் இல்லை. நாய் கிடையாது. தானும் மேபலும் கடலோரம் கைகோத்து நடப்பதைக் கண்ணை மூடிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அப்படி நடந்ததுண்டு.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. போர் முடிந்து, ரேஷனும் முடிந்துவிட்டது. மேபலுக்குப் பயம் மட்டும் முடியவில்லை. நாளைக்கே கடை சாத்திவிடுவார்கள் என்பது போல வாங்கி அடுக்குவாள். அலமாரி முழுக்க பிராம்விக். சூப், பட்டாணி, காரட், பீட்ரூட், பீச் பழம், சால்மன் மீன், பூனைக்கு வேறு தனி மீன். ஒரே கஷ்டம், போட்டி முடிவதற்குள் இத்தனையையும் தின்று தீர்க்க முடியாது.

தின்றால்தான் காகிதமா? சனிக்கிழமை மத்தியானம் மேபல் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும், பெர்சி துத்தநாகக் குளியல் தொட்டியை இழுத்துப் போட்டார். வெந்நீர் ஊற்றினார். டப்பாக்களைக் கொத்தாக உள்ளே இறக்கினார். காகிதங்கள் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தன. கணப்புக்கு முன்னால் கொடி கட்டிக் காய வைத்தார். ஈர டப்பா துருப்பிடிக்குமே என்ற கவலைகூட அவருக்கு வரவில்லை.

வேறொரு கவலை வந்தது. எல்லா டப்பாவையும் துடைத்து அலமாரியில் அடுக்கிய பிறகு வந்தது.

எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. எது சூப்? எது பீச்?

பெர்சி காகிதங்களைச் சுருட்டி மழைக்கோட்டின் உள்பைக்குள் திணித்துவிட்டு, அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார். நாளைய பாடு நாளைக்கு.

நாளைய பாடு ஞாயிற்றுக்கிழமை. போதகர் ஸ்கோஃபீல்டும் அவர் மனைவியும் தேநீருக்கு வருகிற நாள். அந்தத் தெருவில் போதகர் வந்தால் சால்மன் சாண்ட்விச்சும், கஸ்டர்டு ஊற்றிய பீச் பழமும் வைத்தே ஆக வேண்டும். வைக்காத வீட்டைப் பற்றித் தெரு ஒரு மாசம் பேசும்.

மேபல் அலமாரியைத் திறந்தாள்.

"பெர்சி."

"சொல்லு மேபல்."

"டப்பா எல்லாம் ஏன் அம்மணமா நிக்குது?"

"ஓதம். காகிதம் ஈரத்துல ஊறி உதிர்ந்து போச்சு."

"நேத்து காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"யார்க்ஷயர் ஓதம், மேபல். சொல்லிட்டா வரும்?"

"உதிர்ந்த காகிதம் எங்க?"

அதற்குள் வாசலில் தட்டும் சத்தம். பெர்சியின் வாழ்க்கையில் ஒரு போதகர் அவரைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை.

"நீ போய் அவங்களை உட்கார வை. நான் திறக்கறேன்" என்றார்.

முதலில் திறந்த டப்பாவில் பட்டாணி சூப். சாண்ட்விச்சுக்கு வெள்ளரிக்காய் போதும் என்று முடிவு செய்தார். அடுத்த டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். தளதளவென்று தண்ணீர்ச் சத்தம். பீச்தான், சத்தியம். திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் துண்டு துண்டாகக் காரட்.

யோசிக்க நேரமில்லை. கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டு, கஸ்டர்டைத் தாராளமாக ஊற்றி மூடினார். மனிதனுக்கு ஆடை எப்படியோ, காரட்டுக்குக் கஸ்டர்டு அப்படி.

போதகர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, விருந்துக்குப் போன வீட்டில் ஒரு கண்ணியமான இங்கிலாந்துக்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். விழுங்கினார்.

"அருமையா இருக்கு, மிஸஸ் ஆக்ராய்ட்."

"ரொம்ப... கெட்டியான பழம்" என்றார் அவர் மனைவி.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று பெர்சி கேட்டுத் தொலைத்தார். பழக்க தோஷம்.

வேண்டாம் என்றால் வீட்டுக்காரம்மா மனசு நோகும். போதகர் கண்ணை ஒரு கணம் மூடி, ஏதோ ஜெபித்துக்கொண்டு, கிண்ணத்தை நீட்டினார்.

மேபலும் சாப்பிட்டாள். ஒரு துண்டு மிச்சமில்லாமல், கணவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டாள்.

விருந்தாளிகள் போனதும் புயல் அடிக்கும் என்று பெர்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிக்கவில்லை. மேபல் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"கண்ணு, இனிமே தினம் சாயங்காலம் ஆளுக்கு ஒரு டப்பா. யாருக்கு எது வருதோ அதைச் சாப்பிடணும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது."

அவள் திட்டினால் பெர்சிக்குப் பயமில்லை. 'கண்ணு' என்றால்தான் பயம்.

திங்கட்கிழமை மளிகைக் கடைக்குப் போய்வந்த மேபல், அலமாரியிலிருந்து இரண்டு டப்பா எடுத்து வைத்தாள். அவளுக்கு ரோஜா நிறத்தில் சால்மன். அவருக்கு வேகவைத்த பீட்ரூட், வெறும் பீட்ரூட். மறுநாள் அவளுக்குப் பீச். அவருக்குப் பூனையின் மீன்.

"மேபல், இது டிக்கியோடது."

"அப்படியா? டிக்கி ஒரு நாளும் குறை சொன்னதில்லையே. கொஞ்சம் வினிகர் ஊத்திக்கோ."

பூனை அவரை முறைத்தது. அவர் வினிகர் ஊற்றிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் போட்டி வெளியே வரும், ஸ்கார்பரோ வெளியே வரும். மேபல் உடனே, "இதுல கலந்துக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்பாள். ஸ்கார்பரோவுக்காகப் பூனை மீனும் தின்னலாம்.

சாப்பாடு முடிந்ததும் வேட்டை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். ஒரே மாதிரி முடிகிற வார்த்தைகளை எல்லாம் வரிசை வரிசையாகப் போட்ட புத்தகம். அர்த்தம் போடாத புத்தகம். அர்த்தத்துக்கு இன்னொரு தடித்த அகராதி. இதில் ஒரு விரல், அதில் ஒரு விரல், பென்சில் வாயில்.

"என்ன பண்ற பெர்சி?"

"குறுக்கெழுத்து. கென்ட் மாதிரி முடியற வார்த்தை வேணும்."

மேபல் காலுறை தைத்துக்கொண்டே, நூலை அறுக்கிற மாதிரிச் சொன்னாள்: "ரென்ட்."

"வாடகை. குன்று மேல யாரு வாடகை கேக்கறது?"

"சென்ட்."

"சேத்துல விழுந்தவனுக்கு வாசனையா?"

"சிமென்ட்."

"மேபல், இது உயர்ந்த கவிதை. இதுல கொத்தனார் வேலைக்கு இடமில்லை." புத்தகத்தைப் புரட்டினார். "இதோ, லமென்ட். நல்லா கனமா இருக்கே." மற்றப் புத்தகத்துக்குத் தாவினார். முகம் விழுந்தது. "ஒப்பாரி."

"சூப் குடிச்சிட்டு ஒப்பாரி வச்சா யாரு வாங்குவா?"

"சூப்னு நான் சொல்லவே இல்லையே!"

"நீயும் சொல்லலை, நானும் கேக்கலை. டார்மென்ட் இருக்கா பாரு."

தேடினார். "சித்திரவதை."

"அது அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னேன். பூனை மீன் பிடிச்சிருந்துதா?" ஊசியில் நூல் கோத்தாள். "கன்டென்ட்னு போடேன்."

"போதும்ங்கற நிறைவு, அவ்வளவுதானே? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் அது. பரிசு கொடுக்கறவன் அகராதியைத் தேடி ஓடணும், அப்பத்தான் மதிப்பு."

"சரி. உனக்கு எது போதும்னு உனக்கே தெரியாது" என்று மேபல் விளக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பெர்சி கையில் இருந்த காகிதம் முழுவதையும் தீர்த்துவிட்டார். தனக்கே அர்த்தம் மறந்துபோன வார்த்தைகளில் முடிகிற வரிகள், ஒவ்வொன்றோடும் ஒரு காகிதம். உறை பிதுங்கத் தபாலில் போட்டார். மில்லில் நூல் சுற்றும்போதும் ஸ்கார்பரோ அலைச் சத்தம் கேட்டது. சாயங்காலம் வந்தால் பீட்ரூட் காத்திருந்தது.

மில் அடைப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, வாசலில் வட்டத் தொப்பி வைத்த மனிதர் ஒருவர் வந்து நின்றார். பின்னால் காமிராக்காரர். தெருவே கதவைத் திறந்து பார்த்தது.

"பிராம்விக் கம்பெனியிலேருந்து வரோம். ஆக்ராய்ட் வீடுதானே?"

"நான்தான்! நானேதான்!" பெர்சி கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டார்.

"வாழ்த்துகள். மிஸஸ் மேபல் ஆக்ராய்ட் வீட்டுல இருக்காங்களா?"

மேபல் ஏற்கெனவே நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வட்டத் தொப்பிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி ஐந்தாவது வரியைப் படித்தார்:

*"வீட்டில் பீச் தின்றாள் மனைவி, அப்பாடா, கன்டென்ட்!"*

தெரு சிரித்தது. எதிர்வீட்டு மிஸஸ் பிரிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கம்பெனியில எல்லாரும் சிரிச்ச ஒரே வரி இதுதாங்க" என்றார் அவர். "வேற ஒருத்தர் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். ஒண்ணும் புரியலை."

காமிரா மின்னியது. பெர்சி படத்தில் விழாமல் கதவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அவர்கள் போனதும், "மேபல், உனக்குக் காகிதம் ஏது?" என்று மெல்லக் கேட்டார்.

"அந்தத் திங்கட்கிழமை கடையில போட்டி விளம்பரம் ஒட்டியிருந்துச்சு. அதைப் பார்த்ததும் உன் யார்க்ஷயர் ஓதம் எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிது. ஒரு சால்மன் வாங்கினேன், அந்தக் காகிதம் போதும்னு. அப்புறம் கடைக்காரர் இன்னொண்ணும் சொன்னார். உள்ள என்ன இருக்குங்கறதுக்கு டப்பா மூடியில ஒரு குறி அச்சு அடிச்சிருப்பாங்களாம்."

பெர்சி பூனையைப் பார்த்தார். பூனை ஜன்னலைப் பார்த்தது.

"அப்ப அந்த மீன்..."

"போதகர் ரெண்டாவது கிண்ணம் சாப்பிட்டார் பெர்சி. அந்த மனுஷன் முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது."

போகட்டும் என்று நினைத்தார் பெர்சி. யார் எழுதினால் என்ன? பரிசு வீட்டுக்கு வந்துவிட்டது. கடல் வந்துவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, மேபலின் தோளில் கை போட்டார்.

"கெட்டிக்காரிடி நீ. எப்ப கிளம்பறோம் ஸ்கார்பரோவுக்கு?"

"மில் அடைக்கற அன்னிக்கே. நானும் அம்மாவும்."

தோளில் இருந்த கை அப்படியே நின்றது.

"ரெண்டு பேருக்குன்னுதானே போட்டிருந்தான்?"

"ஆமா. நான் ஒண்ணு, அம்மா ஒண்ணு. கம்பெனிக் கடிதம் போன வாரமே வந்துச்சு, அப்பவே அம்மாவுக்கு எழுதிட்டேன். பாவம், பார்ன்ஸ்லியிலயே கிடந்து அம்மா கடலையே பார்த்ததில்லை."

"அப்ப நான்?"

மேபல் ஆணியில் மாட்டியிருந்த ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பார்ன்ஸ்லி வீட்டுச் சாவி அது, அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் வளையத்தில் நாய்ச் சங்கிலியும் சேர்ந்து தொங்கியது.

"பிரின்ஸைத் தனியா விட முடியாதுல்ல, கண்ணு? சுண்ணாம்பு கரைச்சுத் தயாரா இருக்கும். நாற்காலி ரெண்டையும் அம்மாவே சேர்த்துப் போட்டு வச்சிருக்காங்க."