ஓட்டத்தின் நடுவில் ஒரு பந்தி

கூச்சப்படுகிறவன் எதையும் முழுதாக முடிக்க மாட்டான். நானே சாட்சி. பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வில் கூடுதல் தாள் கேட்கக் கூச்சப்பட்டு, பாதிக் கட்டுரையோடு எழுந்து வந்தவன். (கையைத் தூக்கினால் போதும். தூக்கவில்லை.)

என் மகள் கவிதா, "பரீட்சை எழுதலப்பா, வேலைக்குப் போறேன்" என்றபோது நான் கண்டித்தேன்.

"நீங்க எதைப்பா முடிச்சீங்க?" என்றாள்.

ஈப்போவில் தொழிற்சாலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நான், நாற்பத்தெட்டு வயதில், ரோஷத்தில் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்தேன். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு சைக்கிள், இருபத்தொன்று ஓட்டம். மாலை நான்கு மணிக்குள் முடிக்க வேண்டும்.

"நான் முடிச்சா நீ எழுதணும்."

"முடிங்க, பாப்போம்."

ஒரு வருடம் பழகினேன். போட்டியன்று கடல் உப்பைக் குடித்தேன். சைக்கிளில் செம்பனை மரங்களோடு பேசினேன். ஓட்டத்தில் பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் என்னுடையதாக இல்லை. பழைய ரப்பர் தோட்டத்துப் பாதையில் ஒரு பந்தல் தெரிந்தது. மேளச் சத்தம், ஜக்கோடு பெண்கள். தண்ணீர் கொடுக்கும் இடம் என்று உள்ளே நுழைந்தேன்.

கோயில் திருவிழா. அன்னதானம்.

ஓர் அக்கா கையைப் பிடித்தார். "மூஞ்சியே வாடிப்போச்சு! உக்காரு தம்பி."

"ஓடணும்க்கா..."

"சாமி சாப்பாட்ட வேணாம்னு சொல்லக்கூடாதுலா."

எனக்கு மறுக்கத் தெரியாது. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். (காலணியோடு பந்தியில் உட்காரலாமா?) நான்கு வாயில் இலையைக் காலி செய்தேன். ஆனால் பந்தி முடியாமல் எழுவது மரியாதையில்லை. பக்கத்து இலையில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு இரண்டு முறை.

"நெஞ்சுல என்ன நம்பர் தம்பி? நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாமா?"

"எடுங்கண்ணே," என்றேன். கண் கடிகாரத்தில் இருந்தது.

"எம்மா, இன்னும் கொஞ்சம் ரசம்!" என்று அண்ணன் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

அவர் பாயசத்தை வழித்து, இலையை மடித்தபோது மணி மூன்று ஐந்து. வீங்கிய கால் ஷூவுக்குள் போகவில்லை. கையில் ஷூவோடு வெறுங்காலில் ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு சொல்வார்கள்.

நான்கு மணி ஆனபோது இன்னும் இரண்டு கிலோமீட்டர் மீதி. பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த போட்டி வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"சுடா ஹாபிஸ், அங்கிள். எல்லாம் முடிஞ்சிருச்சு. ஏறுங்க."

கதவு திறந்திருந்தது. குளிர்காற்று முகத்தில் பட்டது. கவிதாவை நினைத்தேன். அரை மணி நேரப் பந்தியில் வராத ஒரு சொல் அப்போது வந்தது.

"வேணாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது, முடிவுக்கோட்டு வளைவைக் காற்று இறக்கி, தரையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். மடிக்காத ஓரத்தில் கவிதா நின்றிருந்தாள். அதைத் தாண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டைம் முடிஞ்சிருச்சும்மா. தோத்துட்டேன்."

அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மெதுவாக ஊற்றினாள்.

"டைம் பத்தி நாம பேசவே இல்லையேப்பா. முடிச்சீங்களா, இல்லையா?"

முடிவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அவள் பரீட்சை எழுதினாள். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாளாம்.

பந்தியில் நடந்ததை வீட்டில் சொல்லியிருந்தேன். இன்றும் நான் கிளம்பத் தாமதித்தால், கவிதா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாப்பா?"