தண்டவாளத்தில் செய்த தொட்டில் கொக்கி

இந்த மாகாணத்திலேயே இரும்போடு பேசத் தெரிந்த மனிதர் எங்கள் சந்து மானியத்தார் ஒருவர்தான். மாகாணம் என்று எழுதிவிட்டுத் தயக்கமாக இருக்கிறது. நான் திருமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை. மதுரை ஜில்லா என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தாழ்ப்பாளைத் தட்டினால் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள். மானியத்தார் தட்டினால் தாழ்ப்பாளை விசாரிக்கிறார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். "சீமை இரும்பு" என்று முகம் சுளிப்பார்; இல்லாவிட்டால் "நம்ம ஊரு" என்று தடவிக் கொடுப்பார். அதற்குள் வந்த காரியம் மறந்துபோய்த் திரும்பிவிடுவார்.

சந்து முனையில் அவருக்கு ஒரு கொல்லுப் பட்டறை இருந்தது. ஆணி, கொக்கி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எல்லாம் செய்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். அவரை மானியத்தார் ஆக்கியது ஒரு பத்திரிகைச் செய்தி. வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து இறங்குகிறது, நம் நாட்டு ஆலை தள்ளாடுகிறது, ஆகவே இங்கேயே தண்டவாளம் செய்தால் சர்க்கார் மானியம் கொடுக்கும் என்று போட்டிருந்தது. மில்லில் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரர் இதைக் காபிக் கடையில் இவர் காதுபட உரக்க வாசித்துத் தொலைத்தார்.

"மாப்ள, ஆணிக்கு உண்டா?"

"தண்டவாளத்துக்குன்னுதான் போட்டிருக்கு மாமா. ரயில் பெட்டிக்கும் உண்டாம்."

"வண்டிப் பட்டைக்கு?"

"இல்ல மாமா."

"அதுவும் சக்கரந்தானய்யா! மாடு இழுத்தா மட்டும் சர்க்காருக்குக் கண்ணு தெரியாதோ?"

அன்றிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சு இல்லை. பட்டறைக் கூரை ஒழுகுகிறதே என்றால், "மானியம் வரட்டும்." பல் வலிக்கிறதென்று தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பிடுங்கிவிடலாமே என்றால், "மானியம் வரட்டும்."

ஒரு கல்யாண வீட்டில் சமையற்காரர் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையையே மானியத்தார் உருவி எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டார். "அம்புட்டும் சீமை! இதுல நறுக்குனதத்தான் திங்கப் போறீகளா?" என்று பந்தியைப் பார்த்துக் கூவினார். சமையற்காரர் பொறுமைசாலி. "அண்ணே, பூசணிக்கா திருவாதவூர்க் கொல்லையில காச்சது. அது ஒண்ணும் சொல்லல. நீங்க எலையில உக்காருங்க" என்றார். மானியத்தார் உட்கார்ந்தார். பூசணிக்காயை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

தண்டவாளத்துக்குத்தான் மானியம் என்றால் தண்டவாளமே செய்துவிடுவது என்று ஒரு நாள் தீர்மானித்தார். தேய்ந்த வண்டிப் பட்டைகளைக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடித்தார். சந்து முழுக்கப் புகை. அப்போது நான் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தேன். இந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா என்று பயந்து, இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். காதைப் பொத்துவதால் பிள்ளைக்கு என்ன பிரயோசனம் என்று பிறகுதான் தோன்றும்.

கடைசியில் ஒரு முழ நீளத்தில் தண்டவாளம் பிறந்தது. கொஞ்சம் வளைவுதான். அதைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனார். துணைக்குப் போன என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அங்கிருந்த அதிகாரி கேட்டாராம்: "ஒரு முழத்துல ரயில் எப்படிய்யா ஓடும்?"

"மொதல்ல இதும்மேல ஏறட்டும் சாமி. மிச்சத்த நான் அடிச்சுக்கிட்டே முன்னாடி போறேன். ரயிலு மெதுவா வரட்டும்."

அதிகாரி சிரித்து, ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். சர்க்காரிடமிருந்து மானியத்தாருக்குக் கிடைத்தது அந்த மோர்தான்.

பிறகு எனக்குப் பையன் பிறந்தான். பிள்ளை பெற்ற வீட்டில் தாயும் பிள்ளையும் படுக்கும் இடத்தில் ஓர் இரும்பு இருக்க வேண்டும். காத்து கருப்பு அண்டாது என்பது வழக்கம். என் மாமியார் பாக்குவெட்டியைத் தலைமாட்டில் வைத்திருந்தார். பிள்ளையைப் பார்க்க வந்த மானியத்தார் பாக்குவெட்டியைப் பார்த்தார். எடுத்தார். தட்டினார்.

"சீமை! ஏந்தாயி, இங்கிலீசு இரும்புக்கு நம்ம ஊருப் பேயி எதுன்னு தெரியுமா? அது பாட்டுக்கு வழி விட்டுராது?"

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மகனையே இத வச்சுத்தான் வளத்தேன். அவனுக்கு இப்ப என்ன கொறஞ்சுபோச்சு?"

மானியத்தார் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேயும் இல்லை, பாக்குவெட்டிக்குப் பாஷையும் இல்லை என்று தெரியும். ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் பையன் வீறிட்டு அழுதான். வயிற்று உப்புசமாகத்தான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. பாக்குவெட்டியை மாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று இன்னொரு மனம் கேட்டது.

தொட்டிலில் போடும் நாளன்று மானியத்தார் ஒரு கொக்கியோடு வந்து நின்றார். கட்டைவிரல் பருமன், முனையில் கிளிமூக்கு வளைவு. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு முழத் தண்டவாளந்தான் கொக்கியாகியிருந்தது.

"இத உத்தரத்துல மாட்டித் தொட்டிலக் கட்டு தாயி. ரயிலத் தாங்குற இரும்பு. உம்புள்ளையத் தாங்காதா?"

அது எந்த ரயிலையும் தாங்கியதில்லை என்பது ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "மாமா, அந்தப் பழைய வண்டிப் பட்டையெல்லாம் எந்த ஊரு இரும்பு?" என்று கேட்டுவிட்டார்.

மானியத்தார் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தச் சீமையில பொறந்திருந்தா என்ன மாப்ள? நம்ம ரோட்டுல இம்புட்டு வருசம் உருண்டுருக்கு. இனிமே அது நம்ம ஊருதான்."

கொக்கியை மாட்டி, மாமியாரின் பழைய சேலையில் தொட்டில் கட்டினார்கள். பிள்ளைக்கு முன்னால் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். குழவியைப் போட்டு ஆட்டினார்கள். கொக்கி கீச்சென்றது. மாமியார் பிள்ளைக்குக் கை நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. ஒட்டுப்போட்ட இரும்பு, நடுவில் விட்டுவிட்டால்? சுற்றிலும் சொந்தக்காரர்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "குழவி போதாது" என்றேன்.

"வேற என்னத்தடி போடுறது?" என்றார் மாமியார்.

"நான் இருக்கேன்ல" என்று மானியத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "ஆட்டு மாப்ள!"

என் வீட்டுக்காரர் ஆட்டினார். மானியத்தார் ஒருமுறை போய் வந்தார். இரண்டாம் முறை போனவர் வரவில்லை. டர்ரென்று சத்தம், தரையில் கிடந்தார்.

கிடந்தபடியே மேலே பார்த்துக் கத்தினார்: "கொக்கி நிக்கிதா?"

கொக்கி அசையாமல் நின்றது. கிழிந்தது சேலை.

"பாத்தியா தாயி! இரும்பு நின்னுருச்சு. போனது சீமைத் துணி!"

"யோவ், அது நம்ம ஊருச் சுங்குடிய்யா!" என்றார் மாமியார்.

மானியத்தார் இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, கிழிந்த சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நெசவுக்கும் மானியம் குடுக்கணும்" என்றார்.

வேறு சேலை கட்டினோம். நானே என் கையால் பையனைக் கிடத்தினேன். கொக்கி கீச்சு கீச்சென்றது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.

மானியத்தார் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் சோடாக் கடை வந்துவிட்டது. அதே கொக்கியில் கட்டிய தொட்டிலில் என் இரண்டாவது குழந்தை, பெண், தூங்குகிறாள். நான் பாலைத் தொட்டுப் பார்த்து மறுபடியும் தொட்டுப் பார்ப்பவள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பவள். உத்தரத்துக் கொக்கியை மட்டும் ஒரு நாளும் தட்டிப் பார்த்ததில்லை.