இருபத்தாறாவது ஆள்

"உள்ளே இடமில்லைன்னு வருதே, கம்ப்யூட்டருக்குள்ள என்ன லாட்ஜா நடத்துறீங்க?" என்று புது மேனேஜர் மேடம் கேட்டதும், ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரருக்கு வேர்த்துவிட்டது.

அந்த ஆபீஸ் சர்வரில் ஓடிய நெட்வொர்க் சிஸ்டத்துக்கு வேறு வேலை தெரியாது. கடிதம் அடிக்காது, படம் காட்டாது. எல்லாருடைய ஃபைலையும் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவருக்குக் கொடுக்கும். இருக்கிற ஒரே பிரிண்டரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுத் தரும். தங்கமான சிஸ்டம், பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. லைசென்ஸ் மட்டும் ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேருக்குத்தான். பழைய மேனேஜர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்பதால் பிழைப்பு ஓடியது. புது மேடம் வந்து இருபத்தாறாவது ஆளாக நின்றார்.

சிஸ்டத்தை விற்ற கம்பெனியை மூடியாகிவிட்டது, கூடுதலாக ஒரு இடம் வாங்க வழியில்லை. புது சிஸ்டம் வந்தாலோ அதை ஹெட் ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். சிஸ்டம்காரர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயசில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

"சின்னக் கோளாறு மேடம், ரெண்டே நிமிஷம்."

ஓடிப்போய் டைப்பிஸ்ட் அம்மாவை சர்வரிலிருந்து வெளியே தள்ளினார். மேடம் உள்ளே போனார்.

"நாலு பக்கம் அடிச்சேன் மேடம். சேவ் பண்றதுக்குள்ள துரத்திடுச்சு," என்று டைப்பிஸ்ட் அம்மா நேரே மேடத்திடமே போய்க் கண்ணைக் கசக்கினார்.

மறுநாள் சிஸ்டம்காரர் டெஸ்பாட்ச்காரரைத் தள்ளினார். அவர் வாயுள்ள மனுஷர். "உங்க மெஷினுக்கு என்னைக் கண்டா ஆகலையா?" என்று மேடம் காதில் விழுகிற மாதிரிக் கேட்டார்.

மூன்றாம் நாள் சிஸ்டம்காரர் தன்னையே வெளியேற்றிக்கொண்டார். கணக்கு சரியாகிவிட்டது, அப்பாடா என்றிருந்தது.

பத்தரை மணிக்குப் பிரிண்டருக்குப் போகிற வரிசை சர்வருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க அவர் உள்ளே போயாக வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூட உள்ளே போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மேடம் நுழைய, மறுபடி இடமில்லை என்று வந்தால் தொலைந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிரிண்ட் வரலையே சார்," என்றார் டைப்பிஸ்ட்.

"கொடுங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்."

பென் டிரைவோடு எதிர்க்கடைக்கு ஓடினார். விஷயம் பரவி ஆளாளுக்குப் பென் டிரைவை நீட்டினார்கள். ஒரு வாரம் இதே பிழைப்பு. முழங்கால் வீங்கிவிட்டது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பதினோரு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த சர்வருக்குள் தனக்கே இடமில்லையே என்று.

வாசலில் மேடத்தின் டிரைவர் காரிலிருந்து ஒரு பெரிய காகிதக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே இந்த ஓட்டம்?"

சிஸ்டம்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க மேடம் சர்வருக்குள்ள இருக்காங்கப்பா. அவங்களுக்கு இடம் விட்டுட்டு நான் ஒரு வாரமா வெளிய நிக்கறேன். சொல்லிடாதப்பா, வேலை போயிடும்."

டிரைவர் கட்டைக் கீழே வைத்தார்.

"மேடம் எங்கண்ணே உள்ள போனாங்க? 'நான் போனா யாரோ ஒருத்தர் வெளிய வந்துடறாங்க, ஹெட் ஆபீஸ்ல சொன்னா அந்த சிஸ்டம்காரர் வேலை போயிடும்'னு, ஒரு வாரமா எல்லாத்தையும் வீட்லயே கையால எழுதிட்டு வராங்க."