கம்பளி நைனாவும் ரோலுக்குள் போன எருமையும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த அத்தனை பேரிலும், ஆடு மாடுகளுக்கு வணக்கம் வைத்துவிட்டு மனிதர்களை ஏற இறங்கப் பார்த்த ஒரே ஆசாமி கம்பளி நைனாதான். சத்தியம் செய்து சொல்வேன். அப்படி ஏற இறங்கப் பார்க்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு ஒரு கம்பளி ஃபெல்ட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஞ்சு போல வரும் கம்பளியை ஆயிரக்கணக்கான ஊசிகள் சடசடவென்று குத்திக் குத்தி, கெட்டியான துணியாக்கி, ரோல் ரோலாக வெளியே தள்ளும். அந்த ஊசி மிஷினை ஓட்டியவர்தான் நம் ஆள். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். ஆண், பெண், மாடு, மேனேஜர் எல்லோருமே அவருக்கு ‘நைனா’ என்பதால், அவரும் எங்களுக்குக் கம்பளி நைனா ஆகிவிட்டார்.

மிஷின் கழித்துப்போட்ட தேய்ந்த ஊசி ஒன்று, தரையில் கூட்டி எடுத்த கம்பளிக் கழிவு ஒரு டிபன் பாக்ஸ் நிறைய. இவ்வளவுதான் அவருடைய சொத்து. ஓய்வு நேரத்தில் ஒரு துண்டு ஃபெல்ட்டை மடியில் வைத்து, கறுப்பும் பழுப்புமாகக் கம்பளியைக் கிள்ளி வைத்து, ஊசியால் பொத்துப் பொத்தென்று குத்துவார். பசை கிடையாது, நூல் கிடையாது. குத்தக் குத்த இழை இழையோடு சிக்கி, பத்து நாளில் ஒரு வெள்ளாடு நம்மை முறைக்கும்.

நேரில் பார்க்காத பிராணியை அவர் குத்தமாட்டார். ஒருமுறை எளாவூர் செக்போஸ்டில் நின்ற லாரியில் ஓர் ஆட்டின் தாடி அவருக்குப் பிடித்துப்போனது. ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். லாரி கிளம்பியதை ஆடு கவனித்தது, இவர் கவனிக்கவில்லை. செங்குன்றத்தில் இறங்கி, பஸ் பிடித்து, அரை ஷிப்ட் முடிந்தபின் வந்து சேர்ந்தார்.

“ஏன்யா லேட்டு?” என்றார் சூப்பர்வைசர்.

“ஒரு தாடிய பாத்துக்கினு இருந்தேன் நைனா.”

அதே சூப்பர்வைசர் ஒருநாள் ஆசையாகக் கேட்டார். “என் மூஞ்சிய ஒண்ணு செஞ்சு குடேன்.”

“மனுசன் மூஞ்சில இன்னா கீது நைனா? மொழுமொழுன்னு கீது. கம்பளிய எங்க நட்றது?”

“எனக்குத்தான் மீசை இருக்கே!”

“ஒரு மீசைக்கோசரம் மூஞ்சி பூரா குத்த முடியுமா? பேஜாரு.”

மனித குலத்தில் அவர் மதித்த ஒரே பொருள் என்னுடைய ஜடை. அதுவும் திட்டுவதற்காக. “அந்த ஜடைய மிஷின் பக்கம் கொண்டாராத நைனா, இஸ்துக்கினு பூடும்!” என்று தினமும் ஒரு கத்தல். ஸ்டோரில் சுட்ட மஞ்சள் ரப்பர் பேண்டை அதன் நுனியில் போட்டிருப்பேன். அதற்குத் தனியாக ஒரு முறைப்பு.

எங்கள் கேண்டீன் வசந்தாக்காவிடம் செல்வி என்று ஓர் எருமை இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஒரு கொம்பு மேலே, ஒரு கொம்பு கீழே. எங்கள் டீக்கெல்லாம் அவள் பால்தான். அக்கா குடும்பம் அத்திப்பட்டில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோவதாக ஏற்பாடு. எருமையை மாடிக்கு ஏற்ற முடியாதே! இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை செல்வி திருவாலங்காட்டிலிருந்த தங்கை வீட்டுக்குப் போகவேண்டும். அக்கா அழுத அழுகையில் டீயே உப்புக் கரித்தது.

“அழாத நைனா. வெள்ளிக்கெழமைக்குள்ள உன் செல்வி உன் கைல இருப்பா” என்று வாக்குக் கொடுத்துவிட்டார் கம்பளி நைனா.

குத்தி முடித்ததும் அவருக்கு ஒரு பரீட்சை உண்டு. மிஷினுக்குள் கம்பளியைக் கொண்டுபோகும் பெல்ட்டின் மேல் படத்தை வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். நகர்ந்து போகும்போதும் அந்த மாடு அதே மாடாகத் தெரிந்தால் பாஸ். ஊசிகளுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஓடிப்போய் எடுத்துவிடுவார். அந்த வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை செல்வியை அப்படி வைத்த நேரத்தில் யாரோ “டீ வந்திருச்சு!” என்று கூவினார்கள். நைனா திரும்பினார். அவ்வளவுதான்.

டீயைக் குடித்துவிட்டு வந்தவர், படத்தை யாரோ திருடிவிட்டதாகத் தொழிற்சாலையையே இரண்டாக்கினார். செக்யூரிட்டியின் தலையணையைக்கூடப் பிரித்துப் பார்த்தார். நானோ, அன்று வந்த ரோலின் இரண்டு முனையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் டீ ஆறிக்கொண்டிருந்ததே!

வியாழக்கிழமை சரக்கை வாங்குகிற கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கோயம்புத்தூர்க்காரர். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, மேஜைமேல் ரோலைப் பிரித்தார்கள். வெள்ளை வெளேரென்று இருபது மீட்டர் வந்தது. இருபத்தோராவது மீட்டரில் ஓர் எருமை வந்து எங்களைப் பார்த்தது.

ஓடிவந்த நைனா, தொலைந்த குழந்தை கிடைத்த மாதிரி கத்தினார். “செல்வி! இங்கியா கீற? மூணு நாளா உன்ன எங்கெல்லாம் தேடிக்கினு கீறேன்!”

வேறு சாட்சியே தேவைப்படவில்லை. மேனேஜர் முகம் சிவந்தது. “இப்பவே கேட்டுக்கு வெளிய போய்யா! இனிமே உள்ள கால் வைக்கக் கூடாது!”

எனக்கு என்ன வந்ததென்று இன்றுவரை தெரியாது. இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். “சார், ரோலைச் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான். அவர அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்புங்க.”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் கோயம்புத்தூர்க்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். “ஒரு நிமிசமுங்க. இது பன்னிங்களா?”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் இடி இறங்கியது. “இன்னாது? பன்னியா? வா நைனா, நேர்ல வந்து பாரு!”

வேலை போன கவலையெல்லாம் போயே போய்விட்டது. கத்தரியை எடுத்துச் செல்வியைச் சதுரமாக வெட்டினார். இன்னொரு கையில் வெள்ளைச் சட்டையைப் பிடித்தார். கேண்டீன் பின்புறம்வரை சேற்றில் இழுத்துக்கொண்டு போனார். மேனேஜரும் நானும் பின்னாலேயே ஓடினோம். நிஜச் செல்வியின் பக்கத்தில் படத்தைப் பிடித்து, “சுட்டிய பாரு, கொம்ப பாரு. காது மட்டும் உங்க மிஷின் நசுக்கிடுச்சி. அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல!” என்றார்.

செல்வி படத்தை மோந்து பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி, படத்து எருமையின் நெற்றியைப் பொறுமையாக நக்கிக் கொடுத்தாள்.

“தன் கன்னுன்னு நெனச்சிக்கிச்சிபா!” என்று வசந்தாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோயம்புத்தூர்க்காரர் சேற்றுச் சட்டையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டை நான் கண்ணால் பார்த்தேன். ‘எருமை ஒன்று வெட்டி நீக்கப்பட்டது. மீதி சரக்கு சரி.’ சரக்கே பாஸ் ஆனபின் ஆளை எப்படி வெளியே அனுப்புவது? மேனேஜர் இருமிவிட்டு, “போய் மிஷினப் பாருய்யா” என்றார்.

வெள்ளிக்கிழமை செல்வி திருவாலங்காடு போனாள். படம் டீ அடுப்புக்கு மேலே ஏறியது. “தீனியும் கேக்கறதில்ல, ஒதைக்கறதும் இல்ல” என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, கல்யாணமாகி நான் வேலையை விட்ட அன்று, கேட்டருகே ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை என் கையில் திணித்தார் நைனா. “வூட்டுக்குப் போய் பிரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் பஸ்ஸிலேயே பிரித்தேன். ஆடுமில்லை, மாடுமில்லை. கறுப்புக் கம்பளியில் நீளமாக ஒரு ஜடை, நுனியில் மஞ்சள் ரப்பர் பேண்ட். முகமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அன்று மேனேஜர் முன்னால் நான் போய் நின்றபோது, பின்னால் நின்ற அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது என் கூந்தல் கழுத்தோடு நின்றுவிட்டது. கூடத்துச் சுவரில் மட்டும் இன்னும் அந்த நீள ஜடை தொங்குகிறது, நேரில் பார்க்காத எதையும் குத்தாத அந்த மனிதர் பார்த்தபடியே.