சாந்தி ஏற முடியாத கார்

நான் பயந்தவன். வீட்டில் அதற்கு ‘முன்யோசனை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். (மனைவி சாந்தி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத ஏலாது.)

மகள் வயிற்றில் இருந்தபோது அந்த முன்யோசனை முற்றிப்போனது. எங்கள் ஊர் சுருவில். பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். அல்லைப்பிட்டி தாண்டினால் பாலம் முடியும்வரை இரண்டு பக்கமும் கடல். கார் புரண்டால் என்ன செய்வது? கைபேசியில் தேடினேன். பந்தயக் கார்களுக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூடு பொருத்துகிறார்கள், ரோல் கேஜ் என்று பெயர், எத்தனை தரம் உருண்டாலும் கூரை நசுங்காதாம். மயங்கிப்போனேன். என் பழைய கார் நாற்பதைத் தாண்டினாலே இருமும் என்பது நினைவில் வரவில்லை.

வெல்டிங் வேலைக்கு அந்தோனி அண்ணை. வீட்டுக் கேற்றும் மீன் பிடிக்கும் கூடும் செய்கிறவர், இடையில் ஓட்டோவும் ஓட்டுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, “பின்னுக்கு மட்டும் ஒரு வளையம் காணும் தம்பி. கதவுக்குக் குறுக்கை பைப் போட்டால் காலைத் தூக்கித்தான் ஏறோணும்” என்றார்.

“போடுங்கோ அண்ணை. பாதுகாப்பெண்டால் முழுசா இருக்கோணும்.”

“ஆர் ஆர் ஏறப்போகினம்?”

“நானும் சாந்தியும்.”

“அவவைக் கேட்டனீரோ?”

“அவவுக்கு இதுகள் விளங்காது” என்றேன். (அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.)

இருக்கைப் பட்டியிலும் அதே வீராப்புத்தான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, நடுவில் திருகித் திறக்கும் கொளுக்கி என்று பந்தயப் பட்டிகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். கூட்டுக்கு இடம் போதாததால் பின் சீற்றையும் கழற்றிவிட்டேன்.

ஒரு பின்னேரம் நோவு தொடங்கியது. நான் பாய்ந்து ஏறி, நாலு பட்டியையும் இறுக்கி, எஞ்சினைக் கிளப்பி, “ஏறும்” என்றேன். சாந்தி குறுக்குக் குழாயைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள், பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தாள். ஏலவில்லை. இறங்கித் தூக்கிவிடலாமென்றால் இழுத்த இழுப்புக்குக் கொளுக்கி மசியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே அழுதேன்.

அவள் சுற்றி வந்து, யன்னலால் கையை விட்டாள். “இஞ்சேருங்கோ, கையை எடுங்கோ. உங்களை அவிட்டுப்போட்டுத்தான் நான் பிள்ளை பெறப் போகோணும் போலை.”

ஒரே திருகில் திறந்தது.

கூப்பிட்டதும் வந்த அந்தோனி அண்ணையின் கதவில்லாத ஓட்டோவில் அவள் தானாகவே ஏறி இருந்தாள். பாலத்தில் கடற்காற்று இரண்டு பக்கத்தாலும் அடித்தது. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்திருந்தாள் என்பதே சரி. அண்ணை திரும்பாமலே, “நான் செய்த கூடுகளிலை ஆள் பிடிபட்டது இதுதான் முதல் தரம்” என்றார். அந்த நோவுக்குள்ளும் சாந்தி சிரித்தாள்.

அவளுக்குப் பாலம் பயமே இல்லை. பயம் எனக்கு. என் பயத்துக்கு அளவெடுத்துக் கூடு கட்டி, அதற்குள் அவளை ஏற்றப் பார்த்திருக்கிறேன். கைபேசியைக் கேட்டேன், கொழும்புக் கடையைக் கேட்டேன். பக்கத்தில் படுத்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது பத்து வயது. போன கிழமை, ஒருவரையும் கேட்காமல் ஒரு பிரஷர் குக்கர் வாங்கி வந்தேன். மகள் பெட்டியைத் திறக்காமல் குசினிப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அப்பா ஒண்டு வாங்கி வந்திருக்கிறார். உங்களாலை ஏறேலுமோ எண்டு வந்து பாருங்கோ.”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “முதல்லை அப்பாவாலை இறங்கேலுமோ எண்டு கேள்.”