சம்பந்தி தலையில் இருக்க வேண்டிய கிரீடம்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஆனி மாதம், சனிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மங்கலம்பேட்டை மச்சான் தமிழ்மணி அவர்களுக்கு, தங்கள் தங்கை விருத்தாம்பாளின் வீட்டுக்காரன் பழனிவேல் கைகூப்பி எழுதிக்கொண்டது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் உரக்கடையும் கறவை மாடும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மனசளவில் என்னைத் தவிர எல்லோரும் சுகம். நியாயமாகப் பார்த்தால் இந்தக் குறையை ஒரு பிராதாக எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டியிருக்க வேண்டும். செல்போன் கேம் என்றால் என்ன என்பதிலிருந்து சாமிக்கு விளக்க வேண்டியிருக்குமே என்று யோசித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பீர்கள். போனை உங்கள் தங்கை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள். வெளியே எடுத்தாலும் பிரயோஜனமில்லை. அந்தக் கேமை நானே என் கையால் போனிலிருந்து நீக்கிவிட்டேன், ஆனாலும் விரல் அது இருந்த இடத்துக்கே போய்த் தடவிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கு நம்பர் போட எடுத்தால்கூட அங்கேதான் போகிறது. ஆகவே தாளும் பேனாவும். எதிர்வீட்டுக் கண்ணாயிரம் பைக்கில் விருத்தாசலம் வரைக்கும் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அவசரப்படுத்துகிறான், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் என் மகள், உங்கள் மருமகள் இளவரசியின் கல்யாணம் பற்றியது. நீங்கள் அலைந்து திரிந்து கொண்டுவந்த இடம், சிதம்பரம் தெற்கு வீதிப் பாத்திரக்கடை செந்தமிழ்செல்வன் மகன் அன்புமணி. அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பூவும் வைத்துவிட்டுப் போனது உங்கள் முன்னிலையில்தான். ஆனித் திருமஞ்சனம் முடிந்ததும் நிச்சயத்துக்குத் தேதி சொல்கிறேன் என்று சம்பந்தி சொன்னதும் உங்கள் காதில் விழுந்ததுதான். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் எனக்கு வாட்ஸப்பில் நடராஜர் படம் போட்டு வணக்கம் அனுப்புவார், நான் பதிலுக்கு எங்கள் ஊர்ப் பாடலீஸ்வரர் படம் போட்டு வணக்கம் அனுப்புவேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நடராஜருக்குக் கீழே ஒரு கேம் வந்தது. 'சும்மா ஆடிப் பாருங்க சம்பந்தி, டென்சன் கொறையும்' என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லி ஆடாமல் இருக்க முடியுமா? ஆடினேன். அன்றைக்குப் பிடித்த டென்சன் இன்னும் விடவில்லை.

கேம் என்றால் பெரிய கேம் ஒன்றுமில்லை. ஒரு உருண்டைக் கல், அதன்மேல் ஒரு பலகை. மேலேயிருந்து ஒவ்வொரு சாமானாக வரும், குடம், செங்கல், பூசணிக்காய், நாற்காலி, சமயத்தில் ஒரு பசுமாடு. விரலை எடுத்தால் அது பலகையில் இறங்கும். பலகை ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் சரிந்து தண்ணீரில் விழும், ஒரு வாத்து வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவுதான். சர்க்கரை ஆலை எடைமேடையில் கரும்பு லாரியை ஏற்றி இறக்கியே ரிட்டயர் ஆனவன் நான், ஒரு குடத்தையும் ஒரு செங்கல்லையும் சமமாக வைக்க முடியாதா என்றுதான் நினைத்தேன். முடியவில்லை, மச்சான். வைத்த மாத்திரத்தில் நிற்பதுபோல நிற்கும். அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, மெள்ள, மிக மெள்ள, ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். பலகை இடது பக்கம் சாய்ந்தால் நான் வலது பக்கம் சாய்கிறேன். என் உடம்பு சாய்வதால் போனுக்குள் இருக்கிற பலகை நிமிராது என்று எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. இப்படிச் சாய்ந்து சாய்ந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கால் உடைந்து, நானும் போனும் துவைத்த துணிக் கூடையில் போய் விழுந்தோம். அப்போதும் வாத்து சிரித்தது.

அதன்பிறகு நடந்ததை எல்லாம் உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள், அவள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புங்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது உண்மை. சட்டையில் இங்க் ஊற்றிக்கொண்டது வேறு விஷயம், அதற்கும் கேமுக்கும் சம்பந்தமில்லை. காய்கறிக் கடையில் சவரியம்மாள் தராசில் கத்தரிக்காய் போட்டபோது, பூசணியை இந்தப் பக்கம் வை, அது தாங்காது என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. சொன்னேன். அது எலெக்ட்ரானிக் தராசு, அதற்குப் பக்கமே கிடையாது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கிவிட்டு, வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது இடது பக்கம் ஆள் ஜாஸ்தி என்று தோன்றி வலது பக்கம் போய் நின்றேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. மானம்தானே, ரிட்டயர் ஆனவனுக்கு அது இருந்தால் என்ன, போனால் என்ன. ஆபத்து வேறிடத்திலிருந்து வந்தது. அந்தக் கேமில் மேலே ஒரு மூலையில் சம்பந்தி போட்டோவும் என் போட்டோவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடைசியாக ஆடிய ஆட்டத்தில் யார் உயரமாக அடுக்கினார்களோ அவர் தலையில் ஒரு சின்னத் தங்கக் கிரீடம் வந்து உட்காரும். ஆரம்பம் முதல் அது சம்பந்தி தலையில்தான் இருந்தது. பட்டு வேட்டியோடு சந்நிதியில் நிற்கிற போட்டோ அது, கிரீடம் பொருத்தமாகவே இருந்தது. போன வாரம் ஒருநாள் சாயங்காலம் எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வைத்ததெல்லாம் நின்றது. நாற்காலிமேல் குடம் நின்றது. குடத்தின்மேல் மாடு நின்றது. மாட்டின்மேல் நான் கடைசியாக வைத்த செங்கல் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மச்சான். கிரீடம் சம்பந்தி தலையிலிருந்து எழும்பி, பறந்து வந்து என் தலையில் உட்கார்ந்தது. ஆசையாக உங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய்ச் சொன்னாள்:

"பொண்ணக் குடுக்குற வூட்டுக்காரங்க தலையில கிரீடம் வெச்சிக்கிட்டு நிக்கறீங்க. அவுங்க வூட்ல பாத்தா என்னா நெனப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூ வைத்த அன்று சம்பந்தி உட்காருகிற வரைக்கும் நான் உட்காரவில்லை, அவர் இலையை மடித்த பிறகுதான் நான் மடித்தேன், அவர் சொன்ன அரசியலுக்கெல்லாம் தலையாட்டினேன். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, நிச்சயத்துக்கு முன்னால் அவர் கிரீடத்தைப் பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டேனே. உடனே தோற்றுக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. பாதியில் நிறுத்தினால் கணக்கில் ஏறாது. பலகைக்கு வெளியே போட்டால் அதே சாமானைத் திருப்பிக் கொடுக்கிறது. சரி என்று செங்கல்லை வேண்டுமென்றே இடது கோடியில் வைத்தேன், பலகை சாய்கிற நேரத்தில் மாடு வந்தது, கை வழுக்கி அது வலது கோடியில் போய் இறங்கி எல்லாம் நிமிர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன், பூசணிக்காய் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. ஜெயிக்க ஆடியபோது வராத நிதானமெல்லாம் தோற்க ஆடும்போது வருகிறது. முன்னைவிட உயரமாகப் போய்விட்டது.

கடைசியில் ஒருவழியாக நாலு சாமானோடு கவிழ்த்துவிட்டு, கிரீடம் போய்விடும் என்று பார்த்தால், போகவில்லை. சம்பந்தி அதற்குள் ஆடி மூன்று சாமானோடு விழுந்திருந்தார். அடித்துப்பிடித்து நான் இரண்டில் விழுந்தேன். அவர் ஒரே ஒரு குடத்தை வைத்துப் பலகையைக் கவிழ்த்துவிட்டார், கிரீடம் என் தலையிலேயே நின்றுவிட்டது. நீங்களே யோசியுங்கள், மச்சான். முப்பது வருஷமாக அண்டா குண்டான் அடுக்குகிற பாத்திரக்கடைக்காரருக்கு ஒரு குடத்தை நேராக வைக்கத் தெரியாதா? கோபத்தில் கை நடுங்குகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அன்றோடு அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் நடராஜர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் அனுப்பிய பாடலீஸ்வரரை அவர் பார்க்கக்கூட இல்லை. தேர் நிலைக்கு வந்து திருமஞ்சனமும் முடிந்தாகிவிட்டது, தேதி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெண் வீட்டார் தாமாகக் கூப்பிடக் கூடாதுதான், ஆனாலும் மனசு கேட்காமல் கூப்பிட்டேன். சம்பந்தியம்மா கொளஞ்சியம்மாள்தான் எடுத்தார். சம்பந்தி எங்கே என்றதற்கு, "அவரு போனத் தொடுறதே இல்லீங்க. ஏன்னு கேட்டா மொகத்தத் திருப்பிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, கடையில் கூட்டம் என்று வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சநாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் தட்டு மாற்றுவார்கள்? ஆவணிக்குள் அவர்களுக்கு எத்தனை ஜாதகம் வரும்?

இளவரசியிடம் சொன்னால் சிரிக்கிறாள். "அது வெறும் கேமுப்பா" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். இதற்கு முன்னால் வந்த இடங்கள் உங்களுக்குத் தெரியும், ஒன்று நட்சத்திரம் சேரவில்லை என்று போனது, இன்னொன்று காரணமே சொல்லாமல் போனது. அப்போதெல்லாம் அவள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய், அவர்கள் செருப்புப் போடுவதற்குள் பழைய சுடிதாருக்கு மாறிவிடுவாள். இந்த முறை அவர்கள் கார் ஏறிப் போன பிறகும் கட்டியிருந்த மயில்கழுத்துப் புடவையை மாற்றாமல், விளக்கு வைத்த பிறகும் வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு பசுமாட்டைக் குடத்தின்மேல் ஏற்றிக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகவே மச்சான், நீங்கள்தான் இந்த இடத்தைக் கொண்டுவந்தவர், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இந்தக் கடுதாசி கிடைத்ததும் உரக்கடையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறுங்கள். கையோடு ஒரு நல்ல பூவன் வாழைத்தார் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பந்தியிடம் நான் தெரியாமல் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். எனக்கு ஆடவே தெரியாது, மாடு தானாக நின்றது என்று சொல்லுங்கள். கேமைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன், இந்த ஜென்மத்தில் அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து சொல்லுங்கள். கிரீடம் என்றைக்கும் அவர் தலையில்தான் இருக்க வேண்டும். என்னை நாலு வார்த்தை கேவலமாகப் பேசினால்தான் அவர் மனசு ஆறும் என்று தோன்றினால் பேசுங்கள். உங்களுக்கு அது வரும்.

அக்காவுக்கு என் வணக்கம். சின்னவன் பரீட்சையை நல்லபடியாக எழுதட்டும், மாடு நல்லபடியாகக் கன்று போடட்டும், உங்கள் வீட்டு அடுப்பில் பால் எப்போதும் அளவோடு பொங்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத
பழனிவேல்

பின்குறிப்பு: மச்சான், சிதம்பரம் போக வேண்டாம். இதை மடித்துக் கண்ணாயிரத்திடம் நீட்டும்போது அரிசி டின்னுக்குள்ளிருந்து போன் அடித்தது. சம்பந்திதான். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமையா என்று நான் கத்திவிட்டேன், உங்கள் தங்கை அழுதுகொண்டே சாமி மாடத்துக்கு ஓடினாள். அப்புறம் அவராகவே சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க சம்பந்தி. அந்தக் கேமுல நான் வேணும்னேதான் தோத்தேன். பொண்ணக் குடுக்குறவங்க மனசு நெறைஞ்சி இருக்கணும்ல. அதுக்கப்புறமும் எனக்குக் கை சும்மா இருக்காது, தொட்டா நிக்க வெச்சிடுவேன்னு பயந்துதான் போனையே தொடல." நல்ல மனுஷன். இப்படி ஒரு இடம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அப்படியானால் அந்த மாடு? அந்தக் கிரீடம்? எல்லாம் அவர் பார்த்து விட்டுக்கொடுத்ததா? நான் குடத்தின்மேல் மாட்டை நிறுத்தியதை அவர் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்த்தாரா, அந்த வாத்து மாதிரி? எனக்கு மனசு ஆறவில்லை. ஆகவே நீங்கள் சிதம்பரம் போய்த்தான் ஆகவேண்டும், இன்றைக்கே போங்கள். தார் வேண்டாம். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதற்கு முன்னால் எல்லோர் எதிரிலும் நேருக்கு நேர் ஒரு ஆட்டம், அவர் நிஜமாக ஆட வேண்டும், நீங்கள்தான் சாட்சி. இல்லையென்றால் பழனிவேல் தட்டை நீட்டமாட்டான் என்று சொல்லுங்கள். கண்ணாயிரத்தை வைத்துக் கேமைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன்.

இதையெல்லாம் இளவரசி பின்னால் நின்று படித்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பொறுமையா ஆடுங்கப்பா. அதுக்குள்ள நானும் அவரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறோம்" என்கிறாள். சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மயில்கழுத்துப் புடவையை எடுத்து அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் போங்கள், மச்சான்.